தொலைந்ததாக அறிவிக்கப்பட்ட சிவப்பு ஓட்டோ

1

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், வேலை முடிந்து ட்ராமுக்காக நிற்கும்போது கைபேசிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "நீங்கள் கவனித்துவரும் பயணப் பொருளை அதன் உரிமையாளர் தொலைந்ததாக அறிவித்துள்ளார்." உரிமையாளர் என் மகன் ஆருஷன். பயணப் பொருள் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு சிவப்பு ஓட்டோ, பொம்மை. அது கொழும்பில், வெள்ளவத்தையில் தொலைந்து எட்டு வருடமாகிறது. இந்த எட்டு வருடமும் "வெள்ளவத்தைப் பெட்டியில் உள்ளது" என்றே இணையத்தளம் சொல்லிக்கொண்டிருந்தது. அது பொய்யென்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பொய்யை அவன் அழிக்காமல் விட்டிருந்தான்.

ஆருஷன் என்னோடு கதைத்து இரண்டு வருடம். என் இலக்கத்தைத் தடுத்துவைத்திருக்கிறான். அனுப்பிய கடிதம் திரும்பி வந்தது. அவன் அழிக்காமல் வைத்திருந்த அந்த ஒரு வரியை வைத்துத்தான் நான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அதையும் அழித்துவிட்டான். ஓட்டோவைத் தலைமுழுகியவன் என்னையும் தலைமுழுகிவிட்டான் என்றுதான் எனக்குப் பட்டது. ட்ராமில் ஏறி இருந்து அழுதேன். எதிரே இருந்த ஜேர்மன் கிழவி தன் கைப்பையை மடியோடு இழுத்து வைத்துக்கொண்டாள். இந்த நாட்டில் யாராவது அழுதால் முதலில் தங்கள் பையைத்தான் பார்ப்பார்கள்.

2

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு விளையாட்டை விளக்க வேண்டும். உலகத்தில் இப்படியொரு வெட்டிவேலை இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பெயர் ஜியோகேஷிங். வேலை இல்லாதவர்கள் காட்டிலும் பாலத்தடியிலும் பெட்டிகளை ஒளித்து வைப்பார்கள். அவர்களைவிடவும் வேலை இல்லாதவர்கள், வானத்துச் செய்மதியைக் கேட்டுக் கைபேசி காட்டும் வழியில் போய் அவற்றைத் தேடிப் பிடிப்பார்கள். பெட்டிக்குள் ஒரு சின்னக் கொப்பி இருக்கும். அதில் பெயரெழுதிவிட்டுப் பெட்டியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு கிடையாது, தேநீர்கூடக் கிடையாது. ஐம்பது வயது வங்கி அதிகாரி முட்செடிக்குள் தலையை விட்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துவிட்டு, பிள்ளை பிறந்ததுபோல மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுவதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

சில பெட்டிகளுக்குள் பயணப் பொருள் என்று ஒன்று இருக்கும். ஏதாவதொரு சாமானில் இலக்கம் பொறித்த உலோக வில்லை கோத்திருக்கும். கண்டெடுப்பவர் அந்த இலக்கத்தை இணையத்தில் பதிந்து, சாமானைக் கொண்டுபோய் இன்னொரு பெட்டியில் வைக்க வேண்டும். அங்கிருந்து வேறொருவர். ஒவ்வொரு முறையும் சொந்தக்காரனுக்கு மின்னஞ்சல் போகும். இரண்டு கிழமைக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது. எடுத்தால் பதிய வேண்டும். முக்கியமாக, அது அன்பளிப்பு அல்ல.

இந்த விதிகளை மீறுகிறவர்கள் எத்தனை வகை என்று கேட்டால் நான் ஒரு புத்தகமே எழுதுவேன். எடுத்துப்போய் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு மூன்று வருடத்துக்குப் பிறகு "மன்னிக்கவும், வீடு மாறினோம்" என்று எழுதுகிறவர்கள் ஒரு கூட்டம். வீடு மாறாத மனிதனிடம் எந்தப் பயணப் பொருளும் அகப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை. பொருளைக் கண்ணாலேயே காணாமல், யாரோ எடுத்த படத்தில் இலக்கத்தைப் பார்த்துத் தாங்களும் கண்டதாகப் பதிந்து எண்ணிக்கை கூட்டுகிறவர்கள் இன்னொரு கூட்டம். கலியாண வீட்டுக்குப் போகாமலே வீடியோவில் தலைகாட்டிவிட்டேன் என்று சொல்கிற ஆட்கள் நம்மிலும் இருக்கிறார்கள்தானே. எல்லாரையும்விட எனக்கு எரிச்சல் தருகிறவர்கள் விதி படிப்பிக்கிறவர்கள். ஒரு சாவிக்கொத்து தொலைந்ததற்குப் பத்துப் பக்கம் எழுதுவார்கள். அண்டை வீட்டுக்காரன் செத்து நாறினால் குப்பைத் தொட்டி மணக்கிறது என்று மாநகரசபைக்குத்தான் முறைப்பாடு போகும்.

கைமாற்றிக் கைமாற்றிச் சாமான் அனுப்புவதை நாங்களும்தான் செய்துவருகிறோம். கொழும்பிலிருந்து யாராவது வருகிறார் என்றால் அவருடைய பெட்டியில் பாதி மற்றவர்களுடைய பார்சல். முன்பின் தெரியாதவர் கொண்டுவந்து, அதைவிடத் தெரியாதவர் வந்து வாங்கிப் போவார். இலக்கமும் இல்லை, வில்லையும் இல்லை. மிளகாய்த்தூள் கசிந்து சட்டை சிவந்ததுண்டே தவிர, பார்சல் தொலைந்ததில்லை. ஜேர்மன்காரனுக்கு அதே காரியத்துக்கு இணையத்தளமும் விதிக்கோவையும் தேவைப்படுகிறது.

இந்தக் கிண்டலெல்லாம் இருக்கட்டும். கணவர் இறந்தபோது ஆருஷனுக்குப் பத்து வயது. அவன் வாய் திறப்பதை நிறுத்திவிட்டான். பள்ளிக்கூட ஆலோசகி என்னைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து வெளியே ஏதாவது செய்யுங்கள் என்று ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கையில் தந்தாள். அதில் இருந்ததில் செலவில்லாதது இதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் டோர்ட்முண்டுக்குத் தெற்கே உள்ள காடுகளில் நாங்கள் இரண்டு பேரும் டப்பா தேடினோம். நான் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போவேன். மூன்றாவது கிழமை அவன் சிரித்தான். அதற்குப் பிறகு நான் கூடுதலாகத் திட்டினேன்.

3

அவனுக்குப் பதினாலு வயதானபோது சொந்தமாக ஒரு பயணப் பொருளை அனுப்ப விரும்பினான். என்னுடைய சாவிக்கொத்தில் இருந்த சிவப்பு ஓட்டோவைக் கழற்றி வில்லையில் கோத்தான். ஓட்டோவின் நோக்கம் ஜேர்மனியிலிருந்து அம்மாவின் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வருவது. அம்மாவின் ஊர் என்றால் கொட்டாஞ்சேனை, கொழும்பு பதின்மூன்று. அங்கே என் அண்ணை இருக்கிறார்.

நோக்கத்தை ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கட்ட வேண்டும். முழுப்பெயரும் முகவரியும் எழுதக் கூடாது என்பது விதி. நான் அந்த விதியைக் கேட்டுச் சிரித்தேன். பெயரில்லாத சாமானை எவன் திருப்பித் தருவான் என்று கேட்டேன். பார்சலில் பெயர் எழுதாமல் விடுகிற முட்டாளை நான் கண்டதில்லை. எனவே அட்டையின் ஒரு பக்கத்தில் அவனுடைய முழுப்பெயர், தகப்பன் பெயர், டோர்ட்முண்ட் முகவரி. மறுபக்கத்தில் அண்ணையின் பெயரும் கொழும்பு பதின்மூன்று முகவரியும். நோக்கத்தை அவன் ஜேர்மனில் எழுதினான். மழை படாமல் பிளாஸ்டிக் உறைபோட்டதும் நான்தான்.

ஓட்டோ பதினோரு மாதம் ஓடியது. ஒஸ்ரியாவில் ஒரு மலை, பிறகு இத்தாலி, பிறகு மாலைதீவு. பிறகு ஒரு டச்சுக்காரர் அதைக் கொழும்புக்குக் கொண்டுபோய், வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் இடையில் கற்களுக்குள் இருந்த பெட்டியில் வைத்ததாகப் பதிந்தார். அன்று இரவு ஆருஷன் சோறு தின்னவில்லை, சந்தோஷத்தில். மாமாவுக்குத் தொலைபேசி எடுத்துத் தன் உடைந்த தமிழில் இடத்தை விளக்கி, போய்ப் பார்க்கச் சொன்னான். அண்ணை போனார். "நான் தேடினனான் தம்பி, அங்கை ஒண்டும் இல்லை" என்று அடுத்த நாள் சொன்னார். ஒரு கிழமைக்குப் பிறகு போன அவுஸ்திரேலியத் தம்பதி, பெட்டி இருக்கிறது, ஓட்டோ இல்லை என்று எழுதினார்கள். அவர்களுக்குப் பிறகு வந்த எல்லோரும் அதையேதான் எழுதினார்கள், அழுகிற முகமும் போட்டு.

வேறு யார்? டச்சுக்காரன்தான். வைத்தேன் என்று பொய் சொல்லிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான் என்று நான் தீர்ப்பு எழுதினேன். ஆருஷன் தயங்கினான். நான் விடவில்லை. அவனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, கள்ளன் என்ற சொல்லை நேராகவே எழுத வைத்தேன். டச்சுக்காரர், தான் ஓட்டோவைப் பெட்டிக்குள் வைத்த படத்தை அனுப்பினார். படம் எடுத்த பிறகு திருடியிருக்கலாமே என்று பதில் எழுத வைத்தேன். அந்த மனிதர் பிறகு விளையாட்டையே விட்டுவிட்டார். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

4

ஆருஷன் வளர்ந்தான். தமிழ் முதலில் போனது, பிறகு ஞாயிற்றுக்கிழமை போனது. வாகனப் பொறியியல் படிக்கச் சேர்ந்தான்; சேர்ந்ததை நான் ஊரெல்லாம் சொன்னேன். மூன்றாவது வருடம் அதை விட்டுவிட்டு லைப்சிக் போய் மரம் பராமரிக்கும் தொழில் பழகப் போவதாகச் சொன்னான். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நூறு வயது மரத்தில் ஏறிப் பட்ட கிளைகளை வெட்டுவது. அதற்கு இங்கே மூன்று வருடப் பயிற்சியும் சான்றிதழும் உண்டு. சான்றிதழ் இல்லாமல் இந்த நாட்டில் மூச்சுக்கூட விட முடியாது.

ஒரு சாமத்தியச் சடங்கு மண்டபத்தில், இருநூறு பேருக்கு நடுவில், மகன் என்ன செய்கிறான் என்று ஒருத்தி கேட்டாள். அவன் என் பக்கத்தில் நின்றான். "மரம் ஏறுறான்" என்றேன். "கொட்டாஞ்சேனையிலை தேங்காய் பிடுங்கிறவன் செய்யிற வேலை. அவனுக்கு ஆரும் விமான ரிக்கெற் போட்டுக் குடுக்கேல்லை." எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்குத் தமிழ் அவ்வளவு விளங்காது என்று நினைத்தேன். அந்தத் தமிழ் நன்றாகவே விளங்கியிருக்கிறது. சாப்பிடாமல் வெளியே போனவன், பிறகு வீட்டுக்கு வரவில்லை.

இணையத்தளத்தில் பொய்ப்பெயரில் ஒரு கணக்குத் திறந்தேன். திருமதி 13 என்று வைத்தேன், கொழும்பு பதின்மூன்றை நினைத்து. அவன் எந்தக் காட்டில் எந்த டப்பாவை எடுத்தான் என்று ஒவ்வொரு கிழமையும் பார்ப்பேன். வேறு தாய்மார் பிள்ளையின் முகநூலைப் பார்ப்பார்கள். எனக்குக் கிடைத்தது, "ஈரமான பெட்டி, கொப்பி நனைந்துவிட்டது" என்ற மாதிரி வரிகள். சாப்பிட்டானா என்று அதில் எழுதியிருக்காது. ஆனால் காட்டுக்குப் போகிற அளவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று தெரியும்.

5

அண்ணைக்குக் கண் சத்திரசிகிச்சை. பார்த்துக்கொள்ள ஆளில்லை, அண்ணி இறந்து நாலு வருடம். நான் ஏற்கெனவே நாலு கிழமை லீவு போட்டிருந்தேன். மின்னஞ்சல் வந்த பத்தாம் நாள் கொழும்பில் இறங்கினேன். சத்திரசிகிச்சை முடிந்து, அண்ணை கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் சாய்ந்ததும் நான் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு பஸ் எடுத்தேன். எட்டு வருடமாக யார் யாரோ தேடியும் கிடைக்காததை நான் போய் எடுத்துவிடுவேன் என்ற திமிர். சுற்றுலா வந்தவனுக்குத் தேடத் தெரியுமா, நான் அந்த மண்ணில் பிறந்தவள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விளையாட்டின் முதல் விதி, தேடுவதை வேறு யாரும் காணக் கூடாது. அந்த விதியை எழுதியவன் வெள்ளவத்தைக்கு வந்ததில்லை. கற்களுக்கிடையில் குனிந்து ஒரு நிமிடம் ஆகவில்லை. நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெண் நின்றாள்.

"என்னக்கா தேடுறியள்? தோடு விழுந்திட்டுதோ?"

"ஓம், தோடு" என்றேன்.

"ஐயோ. பவுனோ?"

"பவுன்தான்."

அவ்வளவுதான். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். வீதியோரம் நிறுத்தியிருந்த ஓட்டோக்காரர், "மொனவத நோனா ஹொயன்னே?" என்று கேட்டார். என்ன தேடுகிறீர்கள் என்று. "கராபுவக்" என்று அந்தப் பெண்ணே எனக்காகச் சிங்களத்தில் தோடு என்று சொன்னாள். அவரும் இறங்கினார். மீன் வாங்கிக்கொண்டு போன ஒரு கிழவர் பையைக் கல்லில் வைத்துவிட்டு வந்தார். கால் மணித்தியாலத்தில் ஆறு பேர், இல்லாத தோட்டை வலு அக்கறையாகத் தேடினார்கள். டோர்ட்முண்டில் நான் தலைகீழாக விழுந்து கிடந்தாலும் இத்தனை பேர் குனியமாட்டார்கள். அதேநேரம், ஒருத்தரையாவது நிம்மதியாக ஒரு வேலை செய்ய விடுகிற ஊரா இது என்று எனக்குப் பற்றிக்கொண்டும் வந்தது.

பெட்டியைக் கண்டது மீன்பைக் கிழவர். ஒரு கல்லைப் புரட்டினார். கறுப்புப் பட்டி சுற்றிய சாப்பாட்டுப் பெட்டி. அவர் கையை எடுத்துவிட்டார். எல்லோரும் பின்னால் போனார்கள். ஓட்டோக்காரர் தன் பக்கத்தில் நின்ற பெண்ணைக் கையால் மறித்துப் பின்னுக்கு நகர்த்தினார். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், சொந்தக்காரன் இல்லாத ஒரு பெட்டி. அந்த ஆறு பேருடைய முகத்தையும் பார்த்தேன். நானும் இந்த ஊரில் இருபத்தியாறு வயதுவரை இருந்தவள். பஸ்ஸில் ஒரு பை தனியாக இருந்தால் நானே குண்டென்று கத்திக்கொண்டு இறங்கியிருக்கிறேன்.

"அது என்ரைதான்" என்று சொல்லி எடுத்துத் திறந்தேன். உள்ளே நனைந்த கொப்பி, துருப்பிடித்த ஒரு பட்டன், பிளாஸ்டிக் ஆமை. ஓட்டோ இல்லை.

"தோடு எண்டனீங்கள்" என்றாள் அந்தப் பெண். குரல் மாறியிருந்தது. நான் விளையாட்டை விளக்கப் பார்த்தேன். ஜேர்மனி என்றேன், செய்மதி என்றேன். கிழவர் மீன்பையை எடுத்துக்கொண்டு, "உங்கடை ஆக்களுக்கு அங்கை வேலை இல்லைப்போலை" என்று சொல்லிவிட்டு நடந்தார். நான் வாழ்நாளெல்லாம் மற்றவர்களைப் பார்த்து நினைத்ததை ஒரு மீன்பைக்காரர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

6

கொட்டாஞ்சேனைக்குத் திரும்பியபோது அண்ணை வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் காரியாலயத்தில் முப்பத்தைந்து வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். அதிகம் கதைக்கமாட்டார். இந்த விளையாட்டைப் பற்றி இத்தனை வருடமும் நான் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அண்ணைக்கு இதெல்லாம் விளங்காது என்பது என் முடிவு. செய்மதியும் இணையமும் அவருடைய கொப்பிக்குள் அடங்காத விஷயங்கள் என்று வைத்திருந்தேன்.

செருப்பில் சேறு. "எங்கை போனனீ பிள்ளை?" என்றார்.

"வெள்ளவத்தைக்கு. ஆருஷன்ரை ஓட்டோ தேட. உங்களுக்கு ஞாபகம் இருக்காது. எட்டு வரியத்துக்கு முந்தி ஒரு பொம்மை. ஒரு டச்சுக்காரக் கள்ளன் எடுத்திட்டான். இப்ப இவன் அது துலைஞ்சுபோச்செண்டு எழுதிப்போட்டான். அவனோடை எனக்கிருந்த கடைசித் தொடர்பும் அறுந்துபோச்சு. எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை அண்ணை."

அவர் வானொலியை நிறுத்தினார். "அலுமாரியைத் திற" என்றார். "மேல்தட்டு. காணி உறுதிக்குக் கீழை ஒரு லேஞ்சி."

லேஞ்சி, ஒரு பழைய கைக்குட்டை, நாலாக மடித்து நூலால் கட்டியிருந்தது. அவிழ்த்தேன். சிவப்பு ஓட்டோ. வில்லையும் இருந்தது. அட்டை மட்டும் இல்லை.

எனக்கு வந்தது சந்தோஷமில்லை, கோபம். எட்டு வருடம். ஒரு மனிதனைக் கள்ளன் என்று எழுத வைத்திருக்கிறேன். "அண்ணை, இது விளையாட்டு. ஆற்றையோ சாமானை எடுத்து அலுமாரிக்குள்ளை வைக்கிறதோ? உங்களுக்கு ஏதாவது விளங்குதோ?" என்று கத்தினேன். அவர் கறுப்புக் கண்ணாடியோடு நான் நின்ற பக்கத்துக்கு முகத்தைத் திருப்பினார்.

"ஆற்றையோ சாமானில்லை. அவன்ரை சாமான்" என்றார். "தண்டவாளத்துக்குப் பக்கத்திலை கல்லுக்குக் கீழை பெட்டி. அதுக்குள்ளை மருமகன்ரை முழுப்பேர், அவன்ரை தகப்பன்ரை பேர். மற்றப் பக்கம் என்ரை பேர், இந்த வீட்டு நம்பர். எனக்கு விளங்காத பாசையிலை நாலு வரி. நான் என்ன செய்ய வேணும், சொல்லு."

"சண்டை முடிஞ்சு எத்தினை வரியம் அண்ணை."

"ஓம். முடிஞ்சுது."

அவர் கை கட்டில் சட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தது. பிறகு சொன்னார்: "அட்டையை அண்டைக்கே எரிச்சுப்போட்டன். ஓட்டோவை எரிக்க மனம் வரேல்லை. அவன் வரேக்கை கையிலை குடுப்பம் எண்டு வைச்சன். நீங்கள் ஒருத்தரும் வரேல்லை."

"ஃபோனிலை ஒரு வசனம் சொல்லியிருக்கலாமே. ஒண்டும் இல்லையெண்டு ஏன் அவனுக்குப் பொய் சொன்னனீங்கள்?"

"ஃபோனிலை கதைக்கிற விசயமோ இது?"

நான் கட்டிலின் ஓரத்தில் இருந்துவிட்டேன். எனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது அண்ணையைக் காரியாலய வாசலில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். யாரோ ஒருவனுடைய சட்டைப்பையில் இருந்த துண்டில் அண்ணையின் பெயரும் வீட்டு இலக்கமும் எழுதியிருந்ததாம். எழுதியவன் வாடகைக்கு அறை தேடி வந்தவன். அதற்கு மேல் அண்ணைக்கு அவனைத் தெரியாது. பத்தொன்பது நாள் கழித்து வந்தார். அந்த நாட்களைப் பற்றி இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. வந்ததிலிருந்து எந்தத் துண்டிலும் தன் பெயரை எழுதமாட்டார், அவ்வளவுதான். மின்சாரப் பட்டியல் வந்தால் கூட, கட்டி முடிந்ததும் பெயர் இருக்கிற மூலையைக் கிழித்துவிடுவார். அதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்துச் சலித்தவள். அதே நான்தான், பெயரெழுதக் கூடாது என்ற விதியைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அண்ணையின் முகவரியை எழுதி, மழை படாமல் உறையும் போட்டு, தண்டவாளத்தடிக்கு அனுப்பிவைத்தேன். இதில் முட்டாள் யார் என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை" என்றேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் யாருக்கும் சொன்னதில்லை. "தேத்தண்ணி வை" என்றார்.

7

ஓட்டோ கிடைத்ததைப் பதிய வேண்டும். பதிந்தால் ஆருஷனுக்கு மின்னஞ்சல் போகும். அவன் என் தொலைபேசியைத் தடுக்கலாம், கடிதத்தைத் திருப்பலாம். பயணப் பொருளின் சொந்தக்காரனுக்குப் போகும் அறிவித்தலை அவன் தடுத்துவைக்கமாட்டான். விதியில் அவனுக்கு அவ்வளவு பக்தி. ஜேர்மன் பள்ளிக்கூடம் உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான்.

மூன்று நாள் எழுதி அழித்து, நாலாம் நாள் பதிந்தேன். என் ஜேர்மன் சமையலறை ஜேர்மன், அதிலேயே எழுதினேன். "நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். யாரும் திருடவில்லை. மாமா தன் பெயரையும் உன் பெயரையும் அந்தப் பெட்டியில் கண்டு பயந்து எடுத்து வைத்திருந்தார். உன்னைக் காப்பாற்றத்தான் எடுத்தார். அட்டையில் பெயரை எழுதச் சொன்னது நான். டச்சுக்காரர் சொன்னது உண்மை, அவருக்கு நான் எழுதிவிட்டேன். மண்டபத்தில் நான் சொன்னதை உனக்கு விளங்காது என்று நினைத்துத்தான் சொன்னேன். விளங்கியிருந்தாலும் சொல்லியிருக்கக் கூடாது. ஓட்டோ என்னிடம் இருக்கிறது. அம்மா."

மரம் ஏறுவது ஒரு நல்ல வேலை என்று நான் எழுதவில்லை. அது எனக்கு இன்னும் அப்படிப் படவில்லை. பொய்யெழுதி அவனை வாங்க எனக்கு விருப்பமில்லை.

டச்சுக்காரர் அடுத்த நாளே ஒரு வரி எழுதினார், சந்தோஷம் என்று. ஆருஷனிடமிருந்து ஐந்தாம் நாள் வந்தது. "அன்புள்ள கண்டெடுத்தவருக்கு, என் பயணப் பொருளைக் கவனித்துக்கொண்டமைக்கு மிக்க நன்றி. அதன் நோக்கத்தை மதித்து, இரண்டு கிழமைக்குள் அடுத்த பெட்டியில் வைக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்."

எல்லோருக்கும் அனுப்பும் கடிதம். அதை அவனுக்குப் பதினாலு வயதில் எங்கள் சமையலறை மேசையில் இருந்து நாங்கள் சேர்ந்து எழுதினோம். "மிக்க" என்பது நான் போட்ட சொல். யார் எடுத்தது என்று தெரிந்துகொண்டே, அந்தக் கடிதத்தை எனக்கும் அனுப்பியிருக்கிறான். அன்று முழுக்க நான் எதுவும் தின்னவில்லை. அண்ணை காரணம் கேட்டார். "விதிப்படி நன்றி சொல்லியிருக்கிறான்" என்றேன்.

"எழுதினவன்தானே" என்றார் அண்ணை. "நீ குடுத்திடாதை. வைச்சிரு."

ஓட்டோவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு டோர்ட்முண்டுக்கு வந்தேன். என் வீட்டிலிருந்து நாலு நிமிட நடையில், கால்வாய்ப் பாலத்தடியில் ஒரு பெட்டி இருக்கிறது. அங்கே கொண்டுபோய் வைத்தால் ஓட்டோ ஜேர்மனிக்குத் திரும்பிவிட்டதாகப் பதியலாம். நோக்கம் நிறைவேறிவிடும், அவன் நன்றி சொல்லிக் கோப்பை மூடிவிடுவான். நான் எட்டு வருடமாகத் திட்டித்தீர்த்த அந்தக் கூட்டத்தில் சேர்ந்தேன். இழுப்பறையில் போட்டேன். வீடும் மாறவில்லை, சாட்டும் சொல்லவில்லை.

இரண்டு கிழமை முடிந்த மறுநாள் நினைவூட்டல் வந்தது. அதே கடிதம், கீழே "இரண்டாம் முறை" என்று சேர்த்திருந்தான். இங்கே மின்சாரக் கட்டணம் பிந்தினாலும் இப்படித்தான் வரும். நான் பதில் எழுதவில்லை.

இந்தப் புதன்கிழமை மூன்றாவது வந்தது. அது அந்தக் கடிதம் இல்லை.

"அம்மா. நீங்கள் மற்றவர்களுக்கு என்னவெல்லாம் சொல்வீர்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. விதி உங்களுக்கும் உண்டு. மாமாவோடு கதைத்தேன், அவர் எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் ஓட்டோவைப் பாலத்தடிப் பெட்டியில் வைத்துப் பதியுங்கள். பதியாவிட்டால் சனிக்கிழமை காலை ரயிலில் நானே வந்து எடுப்பேன்."

தொலைபேசியில் எதையும் கதைக்காத அண்ணை அவனோடு என்ன கதைத்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

இன்று வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து அந்தப் பாலத்தால்தான் நடந்து வந்தேன். ஓட்டோ கைப்பைக்குள் இருந்தது. நிற்கவில்லை.